நாணல் படத்தில் விழுந்த கத்தி

1989 மார்ச் 5, ஞாயிறு

இன்று கொழுந்தனார் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: கொழுந்தனார் க்வாக் இன்சோக். அவர் பெண்டாட்டி, என் ஓர்ப்படி, மொக்போக்காரி. அவர்கள் மகன் தெசிக். பக்கத்து வீட்டு ஹேனாம்காரி, கூப்பிடாமலே வந்தவள். ஊர்த் தலைவர் சோ, பாதியில் எழுந்து போனவர். பிறகு நான். எல்லாப் பேரையும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லையே என்று நழுவக் கூடாது.

கொழுந்தனாருக்கு அடுத்த மாதம் எண்பது. அந்த விருந்தைப் பேசத்தான் கூப்பிட்டார்கள். அரிசிப் பணியாரம் யார் செய்வது, மேளம் யார் அடிப்பது, அது வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு மொக்போக்காரி உள்ளே போய் ஒரு சுருள் படத்தை எடுத்து வந்து ஆணியில் மாட்டினாள்.

"இவரு எண்பதுக்குன்னு வாங்கினேன் அக்கா. நாணலும் காட்டு வாத்தும். வயசானவங்க நிம்மதியா இருக்கணும்னு கொடுக்கிற படம்தானே?"

நான் பார்த்தேன். வலது பக்கம் ஒரு காட்டு வாத்து, காலை நீட்டி, கழுத்தை வளைத்து, வாயைத் திறந்தபடி இறங்கி வருகிறது. யாரைப் பார்த்து இறங்குகிறது? ஒருவரும் இல்லை. இடது ஓரத்தில் காகிதம் முடிந்துவிட்டது. நாணல் பூ ஒன்று பாதியோடு நிற்கிறது.

வாலுக்குக் கீழே ஒரு கறுப்புப் பூ. அது பூ இல்லை. என் கட்டைவிரல். அன்றைக்குக் காகிதம் நழுவாமல் பிடித்துக்கொள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், மை ஈரத்தில் விரலை வைத்துவிட்டேன், திட்டுவார் என்று பயந்தேன். அவர் அதற்கு ஒரு காம்பு போட்டு நாணல் பூவாக்கிவிட்டார்.

"எங்கே வாங்கினே?" என்றேன்.

"க்வாங்ஜுல, ஒரு கடையில, அக்கா." சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

ஹேனாம்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? "ஒத்தை வாத்தா? ஒத்தையா மாட்டினா வீட்டுக்கு ஆகாதும்பாங்களே! சோடியில்லாம கெடக்கும்னு..."

"படந்தானே," என்றாள் மொக்போக்காரி. கொழுந்தனார் இருமினார். நான் பார்லித் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே வாயைத் திறந்திருந்தால் கூரை பறந்திருக்கும்.

அந்தப் படம் என்னுடையது. எனக்கு அறுபது நிறைந்தபோது என் வீட்டுக்காரர் எனக்கென்று போட்டது. அகலமான படம், இரண்டு வாத்து. இடது பக்கம் நாணலுக்குள் உட்கார்ந்து அண்ணாந்து கூப்பிடுகிறது ஒன்று. வலது பக்கம் இறங்கி வருகிறது ஒன்று. "உக்காந்திருக்கிறது நீ. வர்றது நான்," என்றார். "எப்பவும் நான்தான் காத்துக் கெடக்கணுமா?" என்று கேட்டேன். "வர்றேன்ல? வர்ற மாதிரிதானே போட்டிருக்கேன்?" என்றார். சுற்றாத ஊர் கிடையாது அந்த மனுஷன். படத்தைப் போட்டு என் வாயை அடைத்தார்.

அவர் போன பிறகு மழைக்காலத்தில் படத்தில் பூசணம் பிடித்தது. என் மகன் கிஹ்வான், புதுசாகப் பின்காகிதம் ஒட்டிக் கொண்டு வருகிறேன் என்று எடுத்துப் போனான். வெறுங்கையோடு வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, காகிதம் மட்கிப் போச்சு. ஒட்டுற கடையில எரிச்சுட்டாங்க," என்றான். நான் கடல் மதில் ஓரம் போய்ச் சிவப்பு மதுவை அவருக்கென்று மண்ணில் ஊற்றி அழுதேன். அவர் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

எரிந்துபோன வாத்து எப்படி மொக்போக்காரி சுவரில் வந்து இறங்கும்?

மார்ச் 6

தூக்கம் இல்லை. காரணம் மொக்போக்காரி.

மார்ச் 9, வியாழன்

பேருந்து பிடித்து டவுனுக்குப் போனேன். படம் ஒட்டும் கடை. தாக் கிழவன் பசை காய்ச்சிக்கொண்டிருந்தான்.

"என் படத்தை எரிச்சேன்னு சொல்லிட்டு எவளுக்கு வித்தே?"

"வாங்க பாட்டி. உக்காருங்க. நான் எரிச்சது இந்த அடுப்புக் கரி ஒண்ணுதான்."

"பொய் சொல்ற வாயில அந்தப் பசையை ஊத்த."

"ஊத்துங்க. நல்லாப் புளிச்ச பசை, ஆறு குளிர்காலம் பார்த்தது. ஆனா அந்தப் படத்தை நான் வெட்டலை. கத்தி என்னுது இல்லை."

"பின்னே யாருது?"

கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "உங்க குடும்பத்துக்குள்ள கேளுங்க பாட்டி. என்னை இழுக்காதீங்க."

குடும்பத்துக்குள்! எனக்கு அது போதும். திரும்பி வரும் வழியில் பேருந்து ஜன்னலில் தலையை இடித்துக்கொண்டு யோசித்தேன். இப்படித்தான் நடந்திருக்கும். என் மகன் படத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். மொக்போக்காரி பின்னாலேயே போய்க் கிழவன் கையில் எதையாவது திணித்திருப்பாள். எரிந்தது என்று சொல்லச் சொல்லியிருப்பாள். கிஹ்வான் சொன்னதை நம்புகிறவன். சின்னப் பிள்ளையில், கடல் நண்டு பேசும் என்று யாரோ சொன்னதை நம்பி நாள் முழுக்கக் கரையில் குந்தியிருந்தவன். பாவம், அவனையும் ஏமாற்றினாள்.

ஆனால் ஏன் வெட்டினாள்? இதுதான் புரியவில்லை. திருடினால் முழுசாகத் திருட வேண்டியதுதானே? — இல்லை, புரிகிறது. வருகிற வாத்து அவளுக்கு வேண்டும். காத்திருக்கிற வாத்து நான். என்னை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

மார்ச் 12

மொக்போக்காரி எனக்குச் செய்தவை. மறந்துவிடும் என்று எழுதவில்லை, எழுதினால் சூடு ஆறாமல் இருக்கிறது.

கல்யாணமாகி வந்த முதல் புத்தாண்டில் மீன் அடையைக் கருக்கினாள். மாமியாரிடம் அடி வாங்கியது நான், மூத்தவள் பார்த்துக்கொள்ளவில்லையாம். அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அதனால் அடுப்பு தெரியாது என்று மாமியாரே சிரித்தார். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தது நாற்பதுக்கு மேல்.

மாமியார் சாவில் அவள் அழகாக அழுதாள். நான் மூன்று நாளும் சமைத்தேன்.

மொக்போவில் என் வீட்டுக்காரர் படங்களை வரிசையாக மாட்டிக் காட்டினார்களே, அன்று அவர் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றியது யார்? பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு! பெண்டாட்டி என்று ஒருவர் அவளைக் கும்பிட்டாராம். நான் அன்றைக்கு இங்கே பனியில் கடற்பாசித் தட்டு காயவைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களுக்கெல்லாம் மை அரைத்தவள் நான். என் மணிக்கட்டைக் கேளுங்கள்.

அவளுக்கு இதெல்லாம் நினைவே இருக்காது. அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 19

என்ன செய்வது என்று வாரம் முழுக்க யோசித்தேன். மை அரைத்த வீட்டில் எந்தப் பறவையை யாருக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியாதா? புத்தாண்டுக்கு வால்காக்கை, நல்ல சேதி வரும். பைன் மரத்தில் நாரை, ஆயுசு. சேவல், சர்க்கார் உத்தியோகம். பருந்து, வாசலுக்கு மேலே, கெட்டது உள்ளே வராமல். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குத் தாமரைக்காயோடு வெள்ளைக் கொக்கு. ஒரே ஒரு கொக்கு. இரண்டு போட்டால் பிள்ளை இரண்டாம் தடவையும் பரீட்சை எழுதுவான்.

மொக்போக்காரி பேரன் இந்த வருஷம் பெரிய பரீட்சை எழுதுகிறான். பழைய பெட்டியில் இரண்டு கொக்குப் படம் ஒன்று கிடக்கிறது. யாரோ கத்துக்குட்டி போட்டது, என் வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்துத் தூக்கிப் போட்டது. எடுத்தேன். தூசி தட்டினேன். துணியில்கூடச் சுற்றினேன்.

பிறகு பிரித்து உள்ளே போட்டுவிட்டேன். அந்தப் பையன் வழியில் பார்த்தால் குனிந்து கும்பிடுகிறவன். அவன் என்ன செய்தான்?

சாயங்காலம் அவளே வந்தாள். கையில் ஊறுகாய்ச் சாடி. "அக்கா, விருந்துக்கு உங்க வீட்டு மடிப்புத் திரையைத் தர்றீங்களா? அண்ணன் போட்ட பறவைங்க முன்னாடி உக்காரணும்னு அவருக்கு ஆசை."

அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். வழி தானாக வந்து நின்றது.

"தர்றேன். ஆனா நானேதான் வந்து நிறுத்துவேன். என் வீட்டுத் திரை."

"உங்களுக்கு எதுக்கு அக்கா சிரமம்..."

"சிரமம் இல்லடி. சந்தோஷம்."

மார்ச் 26

கிஹ்வான் க்வாங்ஜுவிலிருந்து போன் செய்தான். ஹேனாம்காரி அவன் பெண்டாட்டியிடம் ஏதோ ஓதியிருக்கிறாள். "அம்மா, எதுக்குப் பழசைக் கிளறுறீங்க? போன படம் போச்சு. சித்திகிட்ட சண்டை வேண்டாம்," என்றான். வேகமாகப் பேசினான், காசு போட்டுப் பேசுகிறவன் மாதிரி. என் பிள்ளை சண்டை பிடிக்காதவன். அப்பா மாதிரி.

ஏப்ரல் 15

நாளைக்கு.

ஏப்ரல் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் திரைக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் பறவைகள், அது உயிரோடு இருக்கிறவர்களுக்கு: பிறந்தநாள், கல்யாணம். மறுபக்கம் வெறும் எழுத்து. அது போனவர்களுக்கு. மாமனார் உடலை மறைத்து நின்றது அந்த எழுத்துப் பக்கம். மாமியார் உடலை. என் வீட்டுக்காரர் உடலை. பிறகு ஒவ்வொரு வருஷமும் திதி அன்று அந்தப் பக்கத்துக்கு முன்னால்தான் சோறும் மதுவும் வைக்கிறோம். இதை இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். மொக்போக்காரிக்குத்தான் சந்தேகம், திதி எல்லாம் என் வீட்டில் என் கையால் நடந்ததால்.

காலையில் போய்த் திரையை நிறுத்தினேன். அடுப்புப் புகை படக்கூடாது என்று சொல்லிப் போர்வையால் மூடினேன். அதற்கு முன்னால் மேசை, பழமும் பேரிச்சையும் கோபுரமாக அடுக்கி. சுவரில் அந்த ஒற்றை வாத்து. என் மகன் வந்தான், அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். எனக்காகத்தான் அப்படி உட்கார்ந்தான் என்று வயிறு குளிர்ந்தது.

கொழுந்தனார் புதுச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தார். மேளக்காரன் தட்ட ஆரம்பித்தான். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று என்று பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்தேன்.

மேளம் நின்றது.

ஹேனாம்காரிதான் முதலில். "ஐயையோ! இது... இது செத்தவங்க பக்கமாச்சே!"

ஊர்த் தலைவர் சோ தூக்கிய கிண்ணத்தை அப்படியே வைத்திருந்தார். எண்பது வயசு மனுஷன், தலைக்குப் பின்னால் சாவுத் திரை. அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அடடே, என்னைக் கேக்காமலே அனுப்பி வச்சாச்சா? பேரிச்சை மட்டும் தின்னுட்டுப் போறேனே," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் காத்திருந்தேன். மொக்போக்காரி பக்கம் எல்லாரும் திரும்பட்டும், அவள் என்னைக் கைகாட்டட்டும், அப்போது எழுந்து நின்று சொல்வேன்: ஆமாம் நான்தான், என் படத்தை அறுத்தவளுக்கு இது. வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அவள் எழுந்தாள். கூடத்து நடுவில் வந்து நெற்றி தரையில் படக் குனிந்தாள். "நான்தான். போர்வையை எடுத்துத் துடைக்கும்போது திருப்பி வச்சுட்டேன். பட்டணத்துக்காரி, எனக்குப் பக்கம் தெரியலை. மன்னிச்சிருங்க."

குனிந்தபடியே என்னை ஒரு தடவை பார்த்தாள்.

தெசிக் ஓடி வந்து திரையைத் திருப்பினான். மேளம் மறுபடி ஆரம்பித்தது, ஆனால் ஒருவரும் எழுந்து ஆடவில்லை.

ஏப்ரல் 17

ஊரே அவளைத் திட்டுகிறது. கடைத்தெருவில், "எண்பது வயசு புருஷனை எமன் முன்னாடி உக்கார வச்சவ" என்று பேசுகிறார்கள். ஒருத்தி, வேணும்னே செஞ்சிருப்பா, வீடு இவ பேருக்கு வரணும்ல, என்றாள்.

இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? பின்னே ஏன் சோறு இறங்கவில்லை? அடித்தது நான். அடி வாங்கினது அவள். ஆனால் யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. இதில் என்ன ருசி? என் பழியையும் திருடிவிட்டாள்.

ஏப்ரல் 22, சனி

மொக்போக்காரி வந்தாள். துணியில் சுற்றிய சுருளைத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மத்தியானம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"எடுத்துக்குங்க அக்கா. உங்களுது."

"திருடினவ திருப்பிக் கொடுத்தா ஆச்சா?"

"நான் திருடலை. கடையில வாங்கினேன். அன்னைக்கே சொன்னேன்ல?"

"பொய்."

"எனக்குப் பொய் சொல்ல வராது அக்கா. அதனாலதான் பாதி சொல்லிட்டு நிறுத்திட்டேன்."

எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. "மீதியையும் சொல்லு!"

அவள் பாவாடை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். கடைசியில்தான், மெதுவாக: "க்வாங்ஜு கடையில மாட்டியிருந்துச்சு. அண்ணன் கைன்னு பாத்ததும் தெரிஞ்சது. யார் கொண்டு வந்ததுன்னு கேட்டேன். வரைஞ்சவரோட சொந்தப் பிள்ளை, கையெழுத்து அப்பாதுதான்னு சத்தியம் பண்ணினாரு, உயரமா, காதுக்கிட்ட மச்சம்னு கடைக்காரர் சொன்னார். கொண்டு வரும்போதே ரெண்டாத்தான் இருந்துச்சாம். இன்னொண்ணு அதுக்கு முந்தியே சியோல்காரர் யாரோ வாங்கிட்டுப் போயிட்டார். நான் தேடிப் பாத்தேன். கிடைக்கலை."

மச்சம். வலது காதுக்குக் கீழே. நான் பெற்ற மச்சம்.

நான் அவளை நம்பவில்லை என்று எழுதலாம். ஆனால் அப்போதே தெரிந்துவிட்டது. தாக் கிழவன் சுற்றிய கரண்டி, கிஹ்வான் முதுகு காட்டிய சுவர், எல்லாம் ஒன்றாக வந்து மோதியது.

"அப்புறம் எதுக்குடி என் கண்ணு முன்னாடி மாட்டினே?"

"அவர் கேட்டார். அண்ணன் போட்டது ஒண்ணாவது நம்ம சுவத்துல இருக்கட்டும்னார். உங்களுக்குக் கண்ணு மங்கல்தானே, அடையாளம் தெரியாதுன்னு நெனச்சேன்."

"என் கண்ணைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"இப்பத் தெரியுது."

"விருந்துல ஏன் அப்படிச் செஞ்சே?"

"நீங்க செஞ்சதுன்னு சொல்லியிருந்தா ஏன் செஞ்சீங்கன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா படத்துக்கு வரும். படத்துக்கு வந்தா கிஹ்வான்கிட்டப் போய் நிக்கும். அத்தனை பேர் முன்னாடி, உங்களுக்கு அப்படித் தெரிய வேண்டாம்னு..." நிறுத்தினாள். "அதுவும் இல்லாம, நிஜமாவே எனக்குப் பக்கம் தெரியாது அக்கா."

சிரித்துவிட்டேன். வந்த சிரிப்பை விழுங்கினேன். அவளை வெறுக்க ஏதாவது காரணம் மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது: என் மகனைப் பற்றி எனக்குத் தெரியாததை இத்தனை நாள் அவள் தெரிந்து வைத்திருந்தது. ஆனால் அது பிடிக்கு நிற்கவில்லை.

சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இது மட்டும் என் சுவரில் எதைப் பார்த்து இறங்கும்? உன் புருஷன் சுவரிலேயே இருக்கட்டும், தம்பி வீடுதானே.

ஏப்ரல் 23

போன் செய்தேன். அவனே எடுத்தான்.

"வெட்டினது நீயா, கடைக்காரனா?"

அவன் வீட்டில் தொலைக்காட்சியில் யாரோ பாடினார்கள்.

"அம்மா, அது ரொம்ப அகலம். இப்ப எல்லாரும் அடுக்குமாடியில இருக்காங்க, சுவரு சின்னது. அவ்ளோ அகலப் படத்தை ஒருத்தரும் எடுக்க மாட்டேன்னாங்க. ரெண்டா இருந்தாப் போகும்னாங்க. அப்ப எனக்கு நெருக்கடி..."

"என்கிட்ட கேட்டியாடா? வீட்டைக் காலி பண்ணு, நிலத்தை வித்துக் குடுன்னு கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேனா?"

"அம்மா, வெறும் ரெண்டு வாத்து. அப்பா இந்த மாதிரி நூறு போட்டிருப்பாரு."

பிறகு என்னை ஆறுதல்படுத்த நினைத்துத்தான் சொன்னான், அவன் குரல் அப்படித்தான் இருந்தது:

"பறவை மேல கத்தி படாமத்தான்மா வெட்டினேன்."

போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 24

அளவுகோல் வைத்திருப்பான். காகிதத்தைத் தரையில் விரித்து, இரண்டுக்கும் நடுவில் எங்கே வெட்டினால் யார் மேலும் படாது என்று பார்த்திருப்பான். பார்த்துப் பார்த்து வெட்டியிருப்பான். விற்றதை மன்னிக்கலாம். பசித்தால் பானையையும் விற்பார்கள். ஆனால் நல்லபடியாக வெட்டினானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எரிந்துவிட்டது என்று சொன்ன அன்று என் கையைப் பிடித்தானே. அது எந்தக் கை?

மே 8

பெற்றோர் தினம். சிவப்புப் பூவோடு கிஹ்வானும் மருமகள் சொன்ஹியும் வாசலில் நின்றார்கள். கதவைத் திறக்கவில்லை. "அம்மா! அம்மா!" என்று தட்டினான். பிறகு சொன்ஹி, "அத்தை, நான் என்ன பண்ணேன், என்னையாவது உள்ளே விடுங்க," என்றாள். அவளை உள்ளே விட்டேன். நூடுல்ஸ் போட்டேன். அவன் காரிலேயே உட்கார்ந்திருந்தான்.

மே 9

இன்றும் அதே கோபம். நல்லது.

ஜூன் 11

ஹேனாம்காரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்: திரையைத் திருப்பியது நான். அவளிடம் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். "அட கிராதகி," என்றாள் என்னைப் பார்த்து. மரியாதையோடுதான் சொன்னாள். ஏன் செய்தாய் என்று கேட்டாள். கீரையைப் பறி என்றேன்.

மொக்போக்காரி வந்து, "எதுக்கு அக்கா சொன்னீங்க, எல்லாம் அடங்கிப் போச்சே," என்றாள். "எனக்காக நீ வாங்கின கெட்ட பேரை நான் சுமந்துக்கிட்டுத் திரிய முடியாது," என்றேன்.

ஜூலை 20

மழை. நாள் முழுக்கப் பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கினேன், திதிக்கு எடுப்பவை. இவற்றை என் மாமியார் என் கையில் கொடுத்தார். நான் போனால் கிஹ்வான் கைக்குப் போக வேண்டும். மூத்த மகன் வீட்டில்தான் அப்பாவுக்குச் சோறு வைக்க வேண்டும், முதல் கிண்ணம் மூத்த மகன் ஊற்ற வேண்டும். அவன் பிறந்தபோது வீடே ஆடியதே, அதற்குத்தானே?

அவனுக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், மூன்று மாதமாக. காசா? திட்டா? ஊர்ப் பேச்சா? க்வாங்ஜுவில் இருப்பவனை ஊர் என்ன செய்யும்?

துலக்கும்போதே தெரிந்தது.

ஜூலை 23

தெசிக்கின் வண்டியை வரச் சொல்லி, பாத்திரங்கள், மேசை, மடிப்புத் திரை, எல்லாவற்றையும் கொழுந்தனார் வீட்டுக்கு ஏற்றினேன்.

"இனிமே எங்க வீட்டுக்காரர் திதி இங்கே. முதல் கிண்ணம் தெசிக் ஊத்துவான்."

கொழுந்தனார் எழுந்து வந்து வாசலில் நின்றார். "அண்ணி, ஊர் சிரிக்கும். மூத்த பிள்ளை உசுரோட இருக்கும்போது தம்பி வீட்டுல எப்படி..."

"நடுவுல கத்தி வச்சவன் கையால ஊத்தினதை உங்க அண்ணன் குடிப்பாரா? நீங்க சொல்லுங்க. குடிப்பார்னு சொன்னா இப்பவே திருப்பி ஏத்திக்கிட்டுப் போறேன்."

அவர் ஒதுங்கி வழி விட்டார்.

தெசிக், "பெரியம்மா, அண்ணன் இருக்கையில நான் எப்படி முன்னாடி நிக்கிறது? எனக்குக் கால் வராது," என்றான்.

"கால் வேண்டாம், முட்டி போட்டாப் போதும். கையைப் பழக்கிக்க."

மொக்போக்காரி திரையை எங்கே வைப்பது என்று பார்த்தாள். பிறகு, "எழுத்து இருக்கிற பக்கம்தானே அக்கா?" என்று கேட்டாள். "ஆமாண்டி," என்றேன்.

ஆகஸ்ட் 30

கிஹ்வானுக்குச் சேதி போய்விட்டது. தினமும் போன். எடுக்கவில்லை. இன்று சொன்ஹி சொன்னாள், ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கொள்கிறானாம். "எனக்கப்புறம் யாரு, அப்பாவுக்கு நான் யாரு" என்று கேட்கிறானாம்.

வலிக்கிறது அவனுக்கு. எனக்கும் வலிக்கிறது. எழுதி வைக்கிறேன், எனக்கு வலித்தது, ஆனாலும் எடுக்கவில்லை.

அக்டோபர் 21, சனி

இன்று என் வீட்டுக்காரர் திதி. பொழுது சாயும்போதே முடித்துவிட்டோம், வெளியூர்க்காரர்கள் திரும்ப வேண்டும்.

இருந்தவர்கள்: கொழுந்தனார், நாற்காலியில். தெசிக். அவன் மகன், பரீட்சைக்குப் படிக்கிறவன். மொக்போக்காரி, அடுப்படியில். ஹேனாம்காரி, கூப்பிட்டதால் வந்தவள். சொன்ஹி. நான். கடைசியாகக் கிஹ்வான், கறுப்புச் சட்டை, முகம் வற்றியிருந்தது. அம்மா என்று கூப்பிட்டான். வா என்றேன்.

சோறு, பேரி, மீன், சிப்பிக் குழம்பு, எல்லாம் வைத்தாயிற்று. ஊதுவத்தி ஏற்றும் நேரம். கிஹ்வான் பழக்கத்தில் ஒரு அடி முன்னால் வந்தான். வருஷக்கணக்காக வந்த அடி, தானாக வரும்.

"நீ பின்னால நில்லு," என்றேன்.

நின்றான். தெசிக் முட்டி போட்டான். மதுவை ஊற்றும்போது குடுவை கிண்ணத்தில் இடித்துச் சத்தம் கேட்டது. ஊதுவத்திப் புகையில் கிண்ணத்தை மூன்று சுற்றுச் சுற்றி வைத்தான். எல்லாரும் கும்பிட்டார்கள். கிஹ்வான் எல்லாருக்கும் பின்னால், கதவு ஓரம், தரையில் நெற்றி வைத்தான். எல்லாரும் எழுந்த பிறகும் அவன் எழவில்லை. கொழுந்தனார் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன்.

பிறகு சாப்பாடு. அவன் கிண்ணத்தில் இறைச்சி குறைவாக இருந்தது, என்னுடையதை எடுத்து அதில் போட்டேன். அவன் கண் நிறைந்துவிட்டது. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். இல்லை. சோறு வேறு.

போகும்போது வண்டிக்குப் பக்கத்தில் நின்று, "அடுத்த வருஷமாவது அம்மா?" என்று கேட்டான். பார்த்துப் போ, வழியெல்லாம் பனி என்றேன்.

எல்லாரும் போன பிறகு நானும் மொக்போக்காரியும் மிச்சச் சிவப்பு மதுவைக் குடித்தோம். இரண்டாம் கிண்ணத்தில் அவளுடைய அந்த மொக்போ பட்டுச் சட்டைப் பேச்சை எடுத்தேன். "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் அக்கா, அந்தச் சட்டையே இரவல்," என்றாள். இத்தனை வருஷம் அதையும் சொல்லாமல் வைத்திருக்கிறாள், கல்லுளிமங்கி. அவளை மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். அவள் மேல் குற்றம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். தாக் கிழவனை விட்டுவிட்டேன். கடைக்காரனை, அந்தச் சியோல்காரனை, யாரோ, விட்டுவிட்டேன். நேரத்துக்கு வீடு வராத என் வீட்டுக்காரரைக்கூட இன்று விட்டுவிட்டேன்.

ஒருவனை மட்டும் இல்லை. பேரையும் எழுதுகிறேன், நானே வைத்த பேர்:

க்வாக் கிஹ்வான்.